பரணில் கிடக்கும் பழைய ரிமோட்டை நம்பி விமானம் விடலாமா?

மாடல் விமானத்துக்கான பழைய ரிமோட் செட் ஒன்று கைக்கு வந்தால், பாதிக் காசு மிச்சம் என்றுதான் முதலில் தோன்றும். துபாயிலிருந்து வந்த மாமா கொடுத்ததாக இருக்கலாம், காயலாங்கடையில் எடைக்கு வாங்கியதாக இருக்கலாம். காசு மிச்சம்தான். ஆனால் சுழலும் புரொப்பல்லரோடு ஒரு கிலோ எடை யார் தலையில் வந்து இறங்கும் என்பதையும் அதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

முதலில் செட்டின் தலைமுறையைப் பாருங்கள். நீட்டி இழுக்கும் ஏரியல், பிடுங்கி மாற்றக்கூடிய சின்னக் கிரிஸ்டல், 27, 35, 72 என்று தொடங்கும் மெகாஹெர்ட்ஸ் எண் இருந்தால் அது பழசு. சேனலைத் தீர்மானிப்பது அந்தக் கிரிஸ்டல்தான். அதே சேனலில் பக்கத்தில் இன்னொருவர் ரிமோட்டைப் போட்டால் விமானம் இருவர் கட்டளைக்கும் நடுவே தடுமாறி விழும். வெளிநாட்டு கிளப்களில் இதற்காகவே ஒரு பலகை உண்டு. சேனல் எண் எழுதிய கிளிப்பை அதிலிருந்து எடுத்தவர் மட்டுமே ரிமோட்டைப் போடலாம். நம் ஊர் வறண்ட கண்மாயில் பலகைக்கு எங்கே போவது? சிக்னல் அறுந்தால் பழைய எஃப்எம் ரிசீவர்கள் பெரும்பாலும் சுக்கான்களை அசைக்கும் சர்வோவைக் கண்டபடி துடிக்கவிடுமே தவிர, மோட்டாரை நிறுத்தாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டில் ரிசீவர் தன் ரிமோட்டை அடையாளம் வைத்துக்கொள்ளும். ஃபெயில்சேஃப் அமைத்திருந்தால் தொடர்பு போனதும் மோட்டார் அணையும்.

அடுத்தது சட்டம். இந்தியாவில் 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்திக் கருவிகளுக்கு உரிமம் வேண்டாம். 2.4 கிகாஹெர்ட்ஸுக்கும் 2005 முதல் அந்த விலக்கு உண்டு. 72 மெகாஹெர்ட்ஸ் அமெரிக்கா தன் ஊர் மாடல் விமானங்களுக்கு ஒதுக்கியது. செட் கப்பலேறி வந்தால் அனுமதியும் கூடவே வந்துவிடாது. சந்தேகம் இருந்தால் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவிடம் கேட்பதே வழி. புதுசு வாங்கும்போதும் அந்தப் பிரிவின் இடிஏ ஒப்புதல் இருக்கிறதா என்று கடைக்காரரைக் கேளுங்கள்.

பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். நிக்கல் காட்மியம் செல்லின் முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் அதோடு முடிந்ததில்லை. ஒயரின் தோலை அரை அங்குலம் சீவினால் உள்ளே செம்பு கறுத்திருக்கும். அப்படிப்பட்ட ஒயர் மேஜையில் வேலை செய்யும், வானத்தில் கைவிடும். சர்வோவைப் புதிய ரிசீவரில் மாட்டுமுன் பிளக்கின் பிளஸ், மைனஸைச் சரிபாருங்கள். சில பழைய பிராண்டுகளில் ஒயர் வரிசையே வேறு. காட்மியம் நச்சு. 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதை வீட்டுக் குப்பையோடு கலக்கக் கூடாது.

என் தீர்ப்பு இதுதான்: பழைய மெகாஹெர்ட்ஸ் ரேடியோவை விமானத்தில் வைக்காதீர்கள். 27 செட் என்றால் தரையில் ஓடும் காருக்கு வைத்துக்கொள்ளலாம். பின்பக்க மாட்யூல் கழலும் ரிமோட்டில் 2.4 மாட்யூலும் அதற்கேற்ற ரிசீவரும் போட்டால் பழைய பெட்டி மறுபடி உதவும். பழைய 2.4 செட் என்றால் புரொப்பல்லரைக் கழற்றி, சிக்னல் சக்தியைக் குறைக்கும் ரேஞ்ச் செக் முறையில் முப்பது மீட்டர் தள்ளி நின்று சோதித்துவிட்டுப் பறக்கவிடுங்கள். ஆரம்பநிலைப் புது செட்டே சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. இதில் கஞ்சத்தனம் எதற்கு?

"பொம்மை விமானம்தானே" என்பவர்களுக்கு ஒரு சொல். ட்ரோன் விதிகள் 2021-இல் மாடல் விமானமும் அடக்கம். இயங்கும் விமான நிலையத்தின் சுற்றுச்சுவரிலிருந்து 8 கிலோமீட்டர் வரை மஞ்சள் மண்டலம். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் முன் அனுமதி இல்லாமல் ஓர் அடி உயரம்கூட எழும்பக் கூடாது. மதுரையில் அவனியாபுரம், பெருங்குடி, வலையங்குளம் எல்லாம் அதற்குள் வரும். 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடி உயரம்தான் அனுமதி கேட்காமல் பறக்கலாம். அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் பொட்டலைத் தேடிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். விஐபி வருகை, திருவிழா நாட்களில் போலீஸ் தற்காலிகத் தடையும் போடலாம். 2 கிலோ வரை, வணிக நோக்கமின்றி விட்டால் பைலட் சான்றிதழ் தேவையில்லை. விதியை மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். யாருக்காவது காயம் பட்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-ஆம் பிரிவில் வழக்கும் வரும். 'ரிமோட் பழசு' என்பது அங்கே சாக்காகாது.

கடையில் வாங்கிய பழைய செட் சொன்னபடி இல்லையென்றால் உங்களுக்கு உரிமை உண்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வியாபாரி விற்ற பழைய பொருளுக்கும் பொருந்தும். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைக்கலாம், இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடலாம், பொருளின் விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமில்லை. வீட்டுச் சாமானை விற்ற தனி நபர்மேல் இந்த வழி எடுபடுவது கடினம். யுபிஐ-யில் பணம் வாங்கிக்கொண்டு ஆள் மறைந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எதற்கும் பில் கேட்டு வாங்குங்கள். அதில் மாடல் எண்ணும் அதிர்வெண்ணும் எழுதியிருக்கட்டும்.