கம்பியை மாற்றிய கலைஞர்



பொழிச்சலூரில் எங்க மாமா மேடைக் கச்சேரிகளில் கிட்டார் வாசித்தவர். வேலையில் விரல் அடிபட்டதும் கிட்டாரைப் பரணில் போட்டுட்டார். "கம்பியை அழுத்தினா வலிக்குதும்மா" என்பார். நான் அவரிடம் மாண்டலின் ஸ்ரீனிவாஸ் கதையைச் சொன்னேன்.

ஆந்திராவின் பாலகொல்லுவில் 1969-ல் பிறந்த இவர், 6 வயதில் அப்பாவின் மாண்டலினைக் கையில் எடுத்தார். வழக்கமான மாண்டலினில் 8 கம்பிகள், இரண்டிரண்டாக 4 ஜோடி இருக்கும். கர்நாடக இசைக்குக் கமகம் வேணும். அதற்குக் கம்பியை இழுத்து அசைக்கணும். ஜோடிக் கம்பிகளைச் சேர்த்து இழுத்தால் சுருதி ஒத்துவருவது கஷ்டம். ஓசையும் சீக்கிரம் அடங்கிவிடும். அதனால் அவர் எலக்ட்ரிக் மாண்டலினுக்கு மாறி, ஒற்றைக் கம்பிகளாக 5 வைத்துக்கொண்டார். கமகம் வந்தது, ஓசையும் நீண்டு ஒலித்தது. 1998-ல் பத்மஸ்ரீ பெற்றார். 2014-ல் சென்னையில் மறைந்தார்.

மாமா அப்போ ஒண்ணும் பேசலை. போன மாசம் மெல்லிய கம்பிகள் வாங்கி மாட்டினார். அதை அழுத்தக் கொஞ்சம் பலம் போதும். இப்போ தினமும் கால் மணி நேரம் வாசிக்கிறார்!

விரலுக்கு ஏத்த மாதிரி கம்பியை மாத்தலாம். வாசிப்பை ஏன் விடணும்?

– 9-ஆம் வகுப்பு மாணவி