புண் எப்படி ஆறுகிறது?



சவுக்குத் தோப்பில் விறகு பொறுக்கும்போது காலில் முள் குத்துகிறது. அரிவாள்மனையில் விரல் வெட்டுப்படுகிறது. முந்திரிக்கொட்டைப் பால் பட்டு கை வெந்து போகிறது. இரும்பை பக்கத்து கிராமங்களில் இதெல்லாம் நடக்காத வீடு கிடையாது. ரெண்டு நாள் வலிக்கும், ஒரு வாரத்தில் ஆறிவிடும், நாமும் மறந்துவிடுவோம். பல நேரம் மருந்தே போட்டிருக்க மாட்டோம். அப்படியென்றால் அந்தப் புண்ணை ஆற்றியது யார்?

நம்ம உடம்புதான். எப்படி என்று தெரிந்துகொண்டால், சிலருக்கு மட்டும் புண் ஏன் மாதக்கணக்கில் ஆறுவதில்லை என்பதும் புரியும்.

தோல் என்பது கோடிக்கணக்கான செல்கள் செங்கல் சுவர் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டி நிற்பது. ஓரிடத்தில் கிழிந்தால் பக்கத்து செல்லுக்கு எப்படித் தெரியும்? அதற்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. யாராவது சேதி சொல்ல வேண்டும். அந்தச் சேதியைக் கொண்டு போகும் புரதங்களுக்கு வளர்ச்சிக் காரணிகள் என்று பெயர். பேரைப் பார்த்து பயந்துடாதீங்க. அவசரக் கூட்டம் என்றால் ஊக்குநர் வீடு வீடாக ஆள் விட்டு அனுப்புகிறார் இல்லையா, அதே வேலைதான். ஒரு வித்தியாசம். ஒவ்வொரு செல்லின் மேலும் ஒரு பூட்டு உண்டு. அதற்குப் பொருந்தும் சாவி வந்தால்தான் அது வேலையைத் தொடங்கும்.

முதல் சேதி ரத்தத்திலிருந்தே வருகிறது. ரத்தம் உறையும்போது அதிலுள்ள தட்டணுக்கள் உடைந்து வளர்ச்சிக் காரணிகளைக் கொட்டுகின்றன. அதைக் கேட்டு வெள்ளை அணுக்கள் ஓடி வந்து கிருமியையும் செத்த சதையையும் தின்று சுத்தம் செய்கின்றன. சுத்தம் செய்வதோடு நிற்காமல் அவையும் அடுத்த சேதியை அனுப்புகின்றன. தோலின் அடியிலிருக்கும் நார் செல்கள் கிளம்பி வந்து, கொலாஜன் என்ற நாரைப் பின்னுகின்றன. இன்னொரு காரணி புது ரத்தக் குழாய்களை முளைக்க வைக்கிறது. புண்ணின் அடியில் சிவப்பாக, பொடிப்பொடியாக சதை வளர்ந்து, லேசாகப் பட்டாலே ரத்தம் கசியுமே, அது இதுதான். அதைப் பார்த்து பயப்பட வேண்டாம், புண் நல்ல வழியில் போகிறது என்று அர்த்தம்.

மேல்தோல் செல்கள் செய்வதுதான் எனக்கு ரொம்ப ஆச்சரியம். சேதி கிடைத்ததும் புண்ணின் ஓரத்தில் உள்ள செல்கள் தங்கள் பிடியைத் தளர்த்தி, தட்டையாகி, ஈரமான புண்ணின் மேல் ஊர்ந்து போகின்றன. பின்னால் உள்ளவை ஒன்று இரண்டாகப் பிரிந்து எண்ணிக்கையைக் கூட்டுகின்றன. இரண்டு பக்கத்திலிருந்தும் களை எடுத்துக்கொண்டு வருபவர்கள் நடுவயலில் சந்தித்ததும் வேலை முடிகிற மாதிரி, எதிரெதிரே வந்த செல்கள் தொட்டுக்கொண்டதும் நின்றுவிடும். ஆனால் தோல் மூடினால் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். உள்ளே நார் இறுகப் பல மாதம் ஆகும். பெரிய காயம்பட்ட தோலுக்கு அப்புறமும் பழைய பலத்தில் சுமார் 80 சதவீதம்தான் கிடைக்கும்.

இதைக் கண்டுபிடித்த கதையில் ஒரு பெண் இருக்கிறார். இத்தாலி நாட்டு ரீட்டா லெவி மொண்டால்சினி. யூதர் என்பதால் 1938-ல் வந்த சட்டத்தால் பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்க முடியவில்லை. அவர் தன் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கி, கருக்கூடிய கோழி முட்டைகளை வைத்து நரம்பு எப்படி வளர்கிறது என்று பார்த்தார். பிறகு அமெரிக்காவில் அவரோடு வேலை செய்த ஸ்டான்லி கோஹன், எலியின் எச்சில் சுரப்பியிலிருந்து எடுத்த பொருளைப் பிறந்த எலிக்குட்டிகளுக்குப் போட்டபோது, அவை வழக்கத்தைவிட சீக்கிரமே கண் திறந்தன. அதிலிருந்துதான் மேல்தோல் வளர்ச்சிக் காரணி கிடைத்தது. இருவருக்கும் 1986-ல் நோபல் பரிசு. விரல் வெட்டுப்பட்டதும் நாம் வாயில் வைத்து சப்புவோமே, நம் எச்சிலிலும் இந்தக் காரணி கொஞ்சம் உண்டு. அதுக்காக புண்ணில் எச்சில் தடவாதீங்க, கிருமியும் சேர்ந்தே போகும்.

செல் ஊர்ந்து போக ஈரம் வேண்டும் என்றேன். "காத்தாட விடு, காய்ஞ்சாதான் ஆறும்" என்பார்கள் பெரியவர்கள். 1962-ல் ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றிகளில் சோதித்ததில், மூடி ஈரம் காத்த புண்ணில் மேல்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் மூடியது தெரிந்தது. பொருக்கு தட்டினால் செல்கள் அதற்கு அடியில் வழி தேடிப் போக வேண்டும், நேரமாகும். காபித்தூள், சுண்ணாம்பு, சாம்பல், சாணி இவையெல்லாம் இன்னும் மோசம். ஊர்ந்து வரும் செல்லைப் புண்ணாக்கி, கிருமியையும் கூட்டி வரும். சுத்தமான தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் மூடி, டி.டி. ஊசி போட வேண்டுமா என்று நர்ஸிடம் கேளுங்கள். "முட்டை, பயறு சாப்பிட்டா சீழ் பிடிக்கும்" என்ற பத்தியமும் வேண்டாம். சேதி வந்தும் பொருள் இல்லாவிட்டால் செல் எதை வைத்து நார் பின்னும்?

இனி சர்க்கரை விஷயம். ஒரு குழுவில் ஒரு அக்காவுக்கு கட்டைவிரலில் செருப்பு கடித்த புண். இரண்டு மாதமாகத் தழையை அரைத்துக் கட்டியிருந்தார். "வலியே இல்ல, அப்புறம் எதுக்கு ஆஸ்பத்திரி?" என்றார். வலி இல்லாததுதான் ஆபத்து, சர்க்கரையால் நரம்பு மரத்துப் போயிருந்தது. கடைசியில் விரலை எடுக்க வேண்டியதாயிற்று. ஆடு வாங்க எடுத்த கடன் மருத்துவத்துக்குப் போனது.

சர்க்கரை கட்டுப்படாதபோது வளர்ச்சிக் காரணிகள் குறைவாகவே சுரக்கின்றன. ஆறாத புண்ணில் தேங்கும் சில நொதிகள், வந்த சேதியையும் வழியிலேயே கிழித்துப் போடுகின்றன. ரத்தக் குழாய் குறுகியிருந்தால் ஆக்சிஜனும் போகாது. புகையிலை போடுகிறவர்களுக்கு அது இன்னும் குறுகும்.

வெளியிலிருந்து அந்தச் சேதியைக் கொடுத்தால்? சென்னை ராயபுரத்தில் 1954-ல் தொடங்கிய எம்.வி. சர்க்கரை நோய் மருத்துவமனையின் டாக்டர் விஜய் விஸ்வநாதனும் மற்ற டாக்டர்களும் இதைச் சோதித்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். மேல்தோல் வளர்ச்சிக் காரணி கலந்த ஜெல் தடவிய கால் புண்கள், வெறும் ஜெல் தடவியவற்றைவிட வேகமாக ஆறின. ஜெல்லைத் தயாரித்தது கோவாக்சின் தடுப்பூசி செய்த ஐதராபாத் பாரத் பயோடெக் கம்பெனி.

ஆனால் கடையில் கேட்டு வாங்கித் தடவுகிற களிம்பு அல்ல இது. செல்லை வளரச் சொல்லும் பொருள் என்பதால் புற்றுநோய்ப் புண்ணில் படக்கூடாது. சீழையும் செத்த சதையையும் அகற்றாமல், சர்க்கரையைக் குறைக்காமல், கால் மேல் பாரம் ஏற்றிக்கொண்டே தடவினால் பணம்தான் வீண். டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சர்க்கரை உள்ளவர்கள் தினமும் படுக்கும் முன் பாதத்தையும் விரல் இடுக்கையும் பாருங்கள், குனிய முடியாவிட்டால் கண்ணாடியைக் கீழே வைத்துப் பாருங்கள். அவர்களுக்குக் காலில் சின்னப் புண் வந்தாலும் உடனே ஆரம்ப சுகாதார நிலையம் போக வேண்டும். மற்றவர்கள் புண் இரண்டு வாரத்தில் சுருங்காவிட்டால் காட்ட வேண்டும். கருப்பானாலோ, நாற்றம் அடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே கிளம்பி விடுங்கள். திண்டிவனம் ரோட்டில் பஸ் ஏறினால் கோரிமேடு ஜிப்மர் பக்கம்தான்.