நுண்ணறிவுச் சோதனையைச் சோதிப்பது எப்படி?

மைசூரு விஜயநகரை அடுத்த மானசகங்கோத்ரி வளாகத்தில், 1969ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இயங்கி வருகிறது. மொழித்திறனை அளக்கும் சோதனைகளை வகுப்பதும் அதன் பணிகளுள் ஒன்று. அளவீட்டுத் துறையோடு இந்நகருக்குள்ள உறவு இன்னும் பழையது. லண்டனில் ஸ்பியர்மனிடம் பயின்ற எம். வி. கோபாலசாமி, 1924இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையைத் தொடங்கினார். (1935இல் இங்கு ‘ஆகாசவாணி’ வானொலியைத் தொடங்கியவரும் இவரே.)

சோதனைகள் பலவாயினும் அவற்றின் அடியில் பொதுத்திறன் ஒன்றே உள்ளது என்பது 1904இல் ஸ்பியர்மன் வெளியிட்ட கொள்கை. அதனை நம்பச் சொன்னதோடு அவர் நின்றுவிடவில்லை. பொய்யாயின் காட்டிக்கொடுக்கும் வழியையும் பின்னர் வகுத்தார். எடுத்துக்காட்டாக நான்கு சோதனைகளைக் கொள்வோம். முதல் இரண்டிற்கும் இடையே ஒட்டுறவு 0.72, மற்ற இரண்டிற்கும் இடையே 0.42 எனில், பெருக்கற்பலன் 0.3024. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் 0.63, இரண்டாவதற்கும் நான்காவதற்கும் 0.48 எனில், அதுவும் 0.3024. ஒரே திறன் என்ற கணித மாதிரி இங்கே பொருந்துகிறது. ஆனால் முதல் இரண்டும் கன்னடச் சொல்லறிவை நாடுவன என்று வைத்துக்கொள்வோம். அவற்றின் ஒட்டுறவு 0.80 ஆக உயரும், பெருக்கற்பலன் 0.336 ஆகும். சமன்பாடு குலைகிறது. பொதுத்திறனோடு மொழியும் சேர்ந்து அளக்கப்படுகிறது என்பது இதனால் புலனாகும்.

இவ்வேறுபாடு தற்செயலானதா என்று முடிவு செய்வதில்தான் இடர்ப்பாடு. ஐம்பது பிள்ளைகளை மட்டும் சோதித்தால் பிழையான மாதிரியும் தப்பிவிடும். ஒரு லட்சம் பேரைச் சோதித்தால் அற்ப விலகலும் பெருங்குற்றமாகத் தோன்றும். எனவே விலகல் உண்டா என்பதோடு, எவ்வளவு, எந்த வினாவில் என்றும் கேட்டல் வேண்டும். மொத்த மதிப்பெண் சமமாகவுள்ள கன்னடக் குழந்தைகளையும் தமிழ்க் குழந்தைகளையும் ஒப்பிட்டு, ஒரு வினாவில் மட்டும் ஒரு சாரார் தொடர்ந்து பின்தங்கினால், அவ்வினாவை ஆராய்ந்து, தேவையாயின் நீக்க வேண்டும். மொத்தப் பொருத்தம் நன்றாயிருப்பது இதற்கு விடையாகாது என்பதே எம் கருத்து.

பினே சோதனையை வி. வி. காமத் கன்னட, மராத்திக் குழந்தைகளுக்கேற்பத் திருத்தியமைத்து, 1940இல் நூலாக வெளியிட்டார். அக்காலப் பிள்ளைகளைக் கொண்டு வகுத்த அளவுகளால் இன்றைய குழந்தையை மதிப்பிட்டால், அதன் நுண்ணறிவு ஈவு உள்ளதைவிடக் கூடுதலாகத் தோன்றக்கூடும். அயல்மொழிக் குழந்தைக்கோ குறைவாகத் தோன்றக்கூடும். ஈவு 70க்குக் கீழே இறங்கியதா என்பதைக் கொண்டே பல இடங்களில் ஒரு குழந்தையின் அறிவுத்திறன் குறைபாடு கணிக்கப்படுகிறது. சில புள்ளிகளின் பிழை, உதவி தேவைப்படும் குழந்தையைப் புறத்தே நிறுத்திவிடலாம். தமிழ் பேசும் கூலித்தொழிலாளியின் மகளைத் தவறான வகுப்பில் அமர்த்திவிடலாம்.