மலை ஓட்டத்துக்கு மெத்துனு ஷூ இருந்தால் போதுமா? வாங்கும் முன் இதைக் கவனிங்க!

பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து வழியாக மோன் பிளாங்க் மலையைச் சுற்றும் 'யுடிஎம்பி' ஓட்டம் சுமார் 170 கி.மீ. தூரம். மொத்த ஏற்றம் மட்டுமே சுமார் 10,000 மீட்டர். ஏறின அத்தனையும் இறங்கணும். இறக்கத்தில்தான் கால்களுக்கு அடி அதிகம். அதனால்தான் தடிமனான குஷன் ஷூவுக்கு மவுசு.

ஆனால், குஷன் மட்டும் போதாது.

உயரம்: அடிப்பாகம் உயர உயர, கல்லில் கணுக்கால் பிசகும் வாய்ப்பும் கூடும். அகலமான அடிப்பாகமா பாருங்க.

பிடிப்பு: சேற்றுக்கு ஆழமான பற்கள், ஈரப் பாறைக்கு நழுவாத ரப்பர்.

அளவு: நீண்ட ஓட்டத்தில் கால் வீங்கும். மாலையில், சாக்ஸோடு போட்டுப் பாருங்க. முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் வேணும். இல்லைன்னா இறக்கத்தில் நகம் கறுத்துடும்.

போட்டி நாளில் புது ஷூ வேண்டவே வேண்டாம்!