குடியும் மூளையும் உயிரும்

கள்ளு, சம்சு என்ற சொற்கள் நம் தோட்டங்களில் நெடுங்காலமாகப் புழங்குபவை. தோட்டத்தை விட்டுக் கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் குடிபெயர்ந்த குடும்பங்கள் சிலவற்றையும் இப்பழக்கம் விடாமல் தொடர்ந்து வந்துள்ளது. உடல் அலுப்புக்கு என்று தொடங்கும் குடி மூளையை என்ன செய்கிறது, உயிருக்கு எப்படி உலை வைக்கிறது என்பதை இன்று பார்ப்போம்.

நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டாலும், தயமின் என்னும் உயிர்ச்சத்தைக் குடல் ஈர்த்துக்கொள்ள மது விடுவதில்லை. மூளைக்கு இச்சத்து இன்றியமையாதது. அது வற்றினால் காலையில் பேசியது மாலையில் மறக்கும், நடை தள்ளாடும், நடக்காததை நடந்ததாகச் சொல்வார். இதை வயதுக் கோளாறு என்று விட்டுவிடக் கூடாது. காலத்தோடு மருத்துவம் செய்தால் ஓரளவு மீட்கலாம்.

கள்ளச்சாராயத்தில் மெத்தனால் என்னும் நஞ்சும் கலந்திருக்கலாம். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் அத்தகைய மதுவால் 30 பேருக்கு மேல் மாண்டனர். பிழைப்பவருக்கும் பார்வை போகலாம்.

மது முதலில் கவலையை மறைக்கும். பிறகு மனச்சோர்வை வளர்க்கும். கடன், சண்டை, வேலையிழப்பு சேரும்போது உயிரை விடும் எண்ணம் தோன்றலாம். நிதானத்தை மது மழுங்கடிப்பதால் கணநேர எண்ணமே செயலாகிவிடுகிறது. அந்த நேரத்தைக் கடத்திவிட்டால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். ஆகவே களைக்கொல்லியையும் பூச்சிமருந்தையும் வீட்டில் வைக்காதீர்கள். பாராகுவாட் 2020 முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டுள்ளது. இலங்கை கொடிய பூச்சிமருந்துகளைத் தடுத்தது. அங்கே 1995-க்குப் பிந்திய 20 ஆண்டுகளில் தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது.

குடும்பத்தார் செய்யவேண்டியது என்ன? "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, பாரம்தான் குறையும். அவரைத் தனியே விடாதீர்கள். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம். அரசாங்க மருத்துவரின் யோசனைப்படியே நிறுத்த வேண்டும்.

போலீஸுக்கு அஞ்சி மறைக்கவும் வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ஆம் சட்டப்பிரிவு 2023-இல் நீக்கப்பட்டது. 1970-இல் கோலாலம்பூரில் தொடங்கிய பிஃபிரண்டர்ஸ் அமைப்பு, 03-7627 2929 என்ற எண்ணில் இரவு பகலாகக் காதுகொடுத்துக் கேட்கிறது.

குடியில் விழுந்தவர் நம் வீட்டு மனிதர். ஏச்சு அவரைத் திருத்தாது. பக்கத்தில் உட்கார்ந்து பேசினால், மருத்துவரிடம் வர அவர் இசையக்கூடும். இன்றே பேசுங்கள்.