நொதியின் மரபணு சொல்வதும் சொல்லாததும்

புற்றுநோய் என்று உறுதியானதும் நோயாளியின் உள்ளத்தில் இரு வினாக்கள் எழுகின்றன. நோய் எந்தப் போக்கில் செல்லும்? மருந்து பயன் தருமா? ஒன்றுபோல் தோன்றினாலும் இவற்றின் விடைகள் வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன. வளர்சிதை மாற்ற நொதிகளின் மரபணுக்களைக் கொண்டு புற்றுநோயைக் கணிக்கும் முயற்சியில் இதனைத் தெளிவாகக் காண்கிறோம்.

ஆக்சிஜன் இருக்கும்போதும் புற்றணுக்கள் குளுக்கோஸைப் பெருமளவில் லாக்டிக் அமிலமாக மாற்றுவதை 1920களில் ஜெர்மானிய அறிஞர் ஆட்டோ வார்பர்க் கண்டறிந்தார். அணு உணவைக் கையாளும் முறையே மாறுகிறது என்றால், அதை நடத்தும் நொதிகளின் மரபணுக்கள் நோயின் குறிகாட்டிகளாகக் கூடுமல்லவா?

முதல் வினாவுக்கு ஐடிஎச்1 என்னும் மரபணு விடை தந்தது. மூளைக் கட்டிகளில் அதன் பிறழ்வு 2008இல் கண்டறியப்பட்டது. பிறழ்வுடைய கிளையோமா நோயாளிகள், அஃது இல்லாதவர்களைவிட நீண்ட காலம் வாழ்வதை 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. நுண்ணோக்கியில் ஒன்றுபோல் தெரிந்த கட்டிகளை இன்று மருத்துவர்கள் இரு வேறு நோய்களாகவே கருதுகின்றனர்.

இரண்டாம் வினா அத்துணை எளிதன்று. ஐடிஓ1 என்னும் நொதி டிரிப்டோபானைக் கைனுரெனினாக மாற்றி, உடலைக் காக்கும் டி அணுக்களைத் தளரச் செய்கிறது. தாயின் எதிர்ப்பாற்றலிலிருந்து கருவைக் காப்பதில் இதற்குள்ள பங்கை 1998இல் எலிகளில் நடந்த ஆய்வு உணர்த்தியது. கருவைக் காக்கும் இதே வழியைப் புற்றுக்கட்டியும் தனக்குக் கேடயமாக்கிக்கொள்கிறது. ஆகவே இந்நொதியைத் தடுத்தால் எதிர்ப்பாற்றல் சிகிச்சை வலுப்பெறும் என்று எதிர்பார்த்தனர். மெலனோமா நோயாளிகள் 706 பேரிடம் நடந்த பெருஞ்சோதனையின் முடிவு 2018இல் வெளிவந்தது. பெம்ப்ரோலிசுமாபுடன் எபகாடோஸ்டாட் என்னும் தடுப்பானைப் பெற்றோருக்கு, அதனைப் பெறாதோரைவிட எந்தக் கூடுதல் பயனும் கிட்டவில்லை. அச்சோதனைக்கு நோயாளிகளை அவர்தம் கட்டியிலுள்ள ஐடிஓ1 அளவைக் கொண்டு தேர்ந்தெடுக்கவில்லை என்பதும் கருதத்தக்கது.

இதிலிருந்து நாம் பெறும் தெளிவு ஒன்றுண்டு. ஒரு மரபணு நீண்ட ஆயுளோடு தொடர்புடையது என்பதால் மட்டும், அது மருந்தின் பயனை முன்னறிவிப்பதாகாது. மருந்து பெற்றோர், பெறாதோர் ஆகிய இரு சாராரையும் ஒப்பிட்டு, அக்குறி உடையோர்க்கு மருந்தால் விளையும் நன்மை குறியில்லாதோர்க்கு விளைவதினின்று வேறுபடுவதைக் காட்டியாக வேண்டும். பழைய நோயாளிகளின் தரவுகளிலிருந்து திரட்டிய மரபணுப் பட்டியல்களைப் புதிய நோயாளிகளிடமும் சோதித்துப் பார்க்க வேண்டும். இவ்விரு படிகளையும் கடவாத குறியை நம்பி ஒருவருக்குச் சிகிச்சை அளிப்பதும், மற்றொருவருக்கு மறுப்பதும் முறையாகா.