தலைவருக்குத் துணை யார்?

2021 அக்டோபர் இரண்டாம் வாரத்தில், ஊரக உள்ளாட்சித் தேர்தல் முடிவுகள் வந்தபோது, பழைய நெல்லைச் சீமையிலிருந்து இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வெளியாயின. தென்காசி மாவட்டம், கடையம் ஒன்றியத்தைச் சேர்ந்த வெங்கடாம்பட்டி ஊராட்சிக்கு 21 வயது பொறியியல் பட்டதாரியான சாருகலா தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். திருநெல்வேலி மாவட்டம், பாளையங்கோட்டை ஒன்றியத்தின் சிவந்திபட்டி ஊராட்சிக்கு 90 வயதான பெருமாத்தாள் தலைவரானார். பேத்தி வயதில் ஒருவர், பாட்டி வயதில் ஒருவர். இருவருடைய வயதையும் வியந்து பேசினோம். பொறுப்பேற்ற மறுநாள் காலையில் ஊராட்சி அலுவலகத்துக்குள் நுழையும் ஒரு பெண் தலைவருக்கு ஒரு சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பார் என்பதை மட்டும் பேசவில்லை.

இது சிறிய கேள்வி அல்ல. 73-ஆவது அரசமைப்புச் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்து, உள்ளாட்சி அமைப்புகளில் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பெண்களுக்கு உறுதி செய்தது. தமிழ்நாடு 2016-இல் அதைப் பாதியாக உயர்த்தியது. பத்து ஒன்றியங்களும் 221 ஊராட்சிகளும் கொண்ட தென்காசி மாவட்டத்தில் இதன் பொருள், நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் ஒரே நேரத்தில் ஊராட்சித் தலைவர்களாக இருக்கிறார்கள் என்பதுதான். இத்தனை பேர் இருந்தும் ஒவ்வொருவரும் தனித்தனியாக நிற்கிறார்கள். சட்டம் நாற்காலியைத் தந்தது. நாற்காலியைச் சுற்றி இருக்க வேண்டிய மனிதர்களை அது தரவில்லை.

கிராம ஊராட்சியில் அதிகாரம் எப்படி இயங்குகிறது என்று பார்த்தால் இந்தத் தனிமையின் கனம் புரியும். 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, கிராம ஊராட்சித் தலைவரே அதன் நிருவாக அலுவலரும் ஆவார். கேட்பதற்குப் பெரிய அதிகாரம். ஆனால், ஊராட்சிப் பணத்தைச் செலவிடத் தலைவர் ஒருவரின் கையெழுத்து போதாது. துணைத் தலைவரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும். தலைவரை ஊர் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள். தலைவர் பதவி பெண்களுக்கோ பட்டியல் சாதியினருக்கோ ஒதுக்கப்பட்ட ஊர்களில், அதுவரை ஊரை ஆண்ட குடும்பங்கள் குறிவைக்கும் இடம் துணைத் தலைவர் பதவிதான். அவர் கையெழுத்திட மறுத்தால் தெருவிளக்கு வாங்கிய கடைக்காரருக்குப் பணம் போகாது. மோட்டார் பழுது பார்த்தவருக்குக் கூலி போகாது. குடிநீர் இரண்டு நாள் வராவிட்டால் ஊர் திட்டுவது தலைவரைத்தான். கையெழுத்துப் போடாதவரை அல்ல.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஆட்சியரிடம் முறையிட்டால், அதே சட்டத்தின் 203-ஆவது பிரிவைக் கொண்டு கையொப்ப அதிகாரத்தை மாற்றி ஏற்பாடு செய்ய முடியும். பல ஊராட்சிகளில் அப்படி நடந்திருக்கிறது. ஆனால், இப்படி ஒரு பிரிவு இருக்கிறது என்பதை முதல்முறை பதவிக்கு வந்த ஒரு பெண்ணுக்கு யார் சொல்வார்கள்? கிராம ஊராட்சிகளுக்கான வட்டார வளர்ச்சி அலுவலரைப் பார்ப்பதா, மாவட்டத்தில் ஊராட்சிகள் உதவி இயக்குநரைப் பார்ப்பதா, மனு எப்படி எழுதுவது, தீர்மானப் புத்தகத்தின் எந்தப் பக்கத்தை நகல் எடுத்து இணைப்பது? இவை எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் சூடாக இருப்பதில்லை. ஏற்கெனவே இதை அனுபவித்த இன்னொரு தலைவரின் கைப்பேசி எண்ணில்தான் இருக்கின்றன. ஆண் தலைவர்களுக்கு அந்த எண் தேநீர்க் கடையில் கிடைத்துவிடுகிறது. கட்சிக் கூட்டத்தில், கல்யாண வீட்டுப் பந்தியில், ஒன்றிய அலுவலக வாசலில் கிடைத்துவிடுகிறது. பெண்களுக்கு அந்த இடங்கள் எதுவும் இல்லை. எனவே அவர்கள் கணவரை அனுப்புகிறார்கள், அல்லது கணவர் தானே போய்விடுகிறார்.

'தலைவரின் கணவர்' என்பது நம்மூரில் ஏறக்குறைய ஒரு பதவியாகவே ஆகிவிட்டது. பினாமித் தலைமை குறித்து 2023-இல் உச்சநீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்ததைத் தொடர்ந்து, மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் சுஷில் குமார் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. குழுவின் அறிக்கை 2025-இல் வெளிவந்தது. தண்டனை, கண்காணிப்பு பற்றியெல்லாம் நாம் விவாதிக்கலாம். ஆனால், கணவர் ஏன் வருகிறார் என்பதற்கு ஆணாதிக்கம் ஒன்று மட்டுமே காரணம் அல்ல. அந்தப் பெண்ணுக்கு வேறு துணை எதையும் நாம் ஏற்படுத்தவில்லை என்பதும் ஒரு காரணம். அவரை அலுவலகத்துக்குள் வரக் கூடாது என்று விரட்டுவது எளிது. அவர் விட்டுப்போகும் இடத்தை நிரப்புவது யார்?

தனித்து நிற்பதன் விலை சில நேரங்களில் உயிராகவும் இருந்திருக்கிறது. நெல்லையை அடுத்த தாழையூத்தில் 2006-இல் ஊராட்சித் தலைவரான கிருஷ்ணவேணியை மறக்க முடியாது. அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்த அவர், பெண்களுக்கான பொதுக் கழிப்பறை கட்டும் முயற்சியில் எதிர்ப்பைச் சந்தித்தார். 2011 ஜூனில், பணி முடிந்து வீடு திரும்பும் வழியில் கும்பலொன்று அவரை வெட்டிச் சாய்த்தது. அவர் உயிர் பிழைத்தது அதிசயம். அந்த வழக்கில் ஆறு பேருக்கு ஆயுள் தண்டனை விதித்துத் தீர்ப்பு வந்தபோது 2025 ஆகிவிட்டிருந்தது. தாழையூத்தும் தென்காசியும் அன்று ஒரே மாவட்டத்தில் இருந்தவை. அந்தச் சம்பவத்தின் நினைவு இங்குள்ள பெண் தலைவர்களின் குடும்பங்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. 'எதற்கு வம்பு' என்று ஒரு தாய் சொல்லும்போது அவர் கற்பனையான அச்சத்தைச் சொல்லவில்லை.

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக மலையேறி ஆரியங்காவைக் கடந்தால் கேரளம். செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை அந்தப் பக்கத்தைச் சேர்ந்ததுதான். மலைக்கு அப்பால், பத்தனம்திட்டை மாவட்டத்தின் அருவாப்புலம் ஊராட்சியில் 2020 டிசம்பரில் ரேஷ்மா மரியம் ராய் தலைவரானபோது அவருக்கும் வயது 21. அதே நாள்களில் 21 வயது ஆர்யா ராஜேந்திரன் திருவனந்தபுரம் மாநகராட்சியின் மேயரானார். சாருகலாவின் வெற்றியை இவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுவது இயல்பு. வயது ஒன்றுதான், பின்புலம் வேறு. அவர்கள் மாணவர் அமைப்பிலும் கட்சியிலும் பல ஆண்டுகள் பழகி வந்தவர்கள். கூட்டம் நடத்துவது, தீர்மானம் எழுதுவது, மூத்தவர்களோடு முரண்படுவது எல்லாவற்றுக்கும் ஓர் அமைப்பு அவர்களைப் பழக்கியிருந்தது. தமிழ்நாட்டில் கிராம ஊராட்சித் தேர்தல் கட்சிச் சின்னம் இல்லாமல் நடக்கிறது. அதில் நன்மைகள் உண்டு. ஆனால், வென்ற பெண்ணின் பின்னால் அதிகாரபூர்வமாக நிற்க எந்த அமைப்பும் இருப்பதில்லை என்பதும் அதன் விளைவு.

இன்னொரு வேறுபாடும் உண்டு. அது அதிகம் பேசப்படுவதில்லை. கேரளம் முழுவதற்கும் 941 கிராம ஊராட்சிகள். தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். கேரள ஊராட்சி பரப்பிலும் மக்கள்தொகையிலும் பெரியது. அலுவலகம் நிறையப் பணியாளர்கள் உண்டு. நம் ஊராட்சியிலோ தலைவருக்கு அலுவலக உதவி என்றால் ஊராட்சிச் செயலர் ஒருவர்தான். அவர் நல்லவராக அமைந்தால் தலைவர் பிழைத்தார். கணக்கைக் காட்டாதவராக அமைந்தால், மதிப்பீடு தயாரிக்கும் பணி மேற்பார்வையாளர் தொடங்கி எல்லாருக்கும் தலைவர் ஒரு ரப்பர் முத்திரையாகிவிடுவார்.

கேரளத்தில் 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ அமைப்பில், அயல்கூட்டங்களிலிருந்து ஊராட்சி அளவு வரை பெண்கள் தங்களுக்குள் தேர்தல் நடத்திப் பழகுகிறார்கள். உள்ளாட்சித் தேர்தலில் வெல்லும் பெண்களில் பெரும்பகுதியினர் அங்கிருந்து வருவது தற்செயல் அல்ல. நம்மிடமும் அந்த ஏணி இல்லை என்று சொல்லிவிட முடியாது. சுய உதவிக் குழுக்கள் 1989-இல் தருமபுரியில் தொடங்கி மாநிலம் முழுவதும் பரவின. கடையம், கீழப்பாவூர், ஆலங்குளம் பகுதிகளில் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றும் பெண்கள், தட்டை இறக்கி வைத்துவிட்டுக் குழுக் கூட்டத்துக்கு வருகிறார்கள். குழுவில் கணக்கு எழுதியவர் நூறு நாள் வேலைத் திட்டத்தில் பணித்தளப் பொறுப்பாளர் ஆகிறார். வருகைப் பட்டியல், அளவு, கூலி எல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் வார்டு உறுப்பினர் ஆவதும் உண்டு. ஆனால், இந்த ஏணியின் படிகளுக்கு இடையே இடைவெளி அதிகம். இந்தப் படியில் நிற்பவரை அடுத்த படிக்குக் கைதூக்கி விடுவது எவருடைய வேலையும் அல்ல. (கடையம் பாரதியாரின் மனைவி செல்லம்மாளின் ஊர் என்பதை நாம் அடிக்கடி மேடையில் சொல்கிறோம், அந்த ஒன்றியத்தின் பெண் வார்டு உறுப்பினர்களில் இரண்டு பேரின் பெயரை மேடையில் இருப்பவர்கள் சொல்வார்களா என்பது ஐயமே.)

மேசையின் மறுபுறம் அமர்ந்திருக்கும் பெண்களையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். அரசுப் பணியில் பெண்களுக்கு 30 விழுக்காடு ஒதுக்கீடு 1989-இல் வந்தது. அதை 40 விழுக்காடாக உயர்த்தும் அறிவிப்பு 2021-இல் வெளியானது. இன்று ஊராட்சிச் செயலராக, வட்டார வளர்ச்சி அலுவலராக, பேரூராட்சிச் செயல் அலுவலராகப் பெண்கள் பணிபுரிவது புதுமை அல்ல. இரவிலும் விடுமுறை நாள்களிலும் நடத்தப்படும் ஆய்வுக் கூட்டங்களை ஊரக வளர்ச்சித் துறை அலுவலர் சங்கங்கள் நெடுங்காலமாக எதிர்த்து வருகின்றன. ஆண், பெண் இருவருக்குமான கோரிக்கை அது. ஆனால், இரவு ஒன்பது மணிக்குக் கடைசிப் பேருந்தைத் தவறவிடும் அலுவலர் பெண்ணாக இருந்தால் அதன் சுமை வேறு. தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்ணும் பணியமர்த்தப்பட்ட பெண்ணும் ஒரே சுவரில்தான் முட்டிக்கொள்கிறார்கள். ஆயினும் ஒருவரை ஒருவர் அவர்கள் சந்திப்பது கோப்பு வழியாகவே. 'தலைவருக்குச் சட்டம் தெரியாது' என்று இவரும், 'அலுவலர் இழுத்தடிக்கிறார்' என்று அவரும் பேசிக்கொள்வதோடு அந்த உறவு முடிந்துவிடுகிறது.

குற்றாலத்தின் சீசனை எடுத்துக்கொள்வோம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை லட்சக்கணக்கில் மக்கள் வருகிறார்கள். பேரருவி இருப்பது எட்டு வார்டுகள் மட்டுமே கொண்ட குற்றாலம் பேரூராட்சியின் எல்லையில். சற்றுத் தள்ளியிருக்கும் பழைய குற்றாலமோ ஆயிரப்பேரி ஊராட்சியின் எல்லையில். இடையிலே பொதுப்பணித் துறை, வனத் துறை, காவல் துறை, தீயணைப்புத் துறை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்றபோது, எச்சரிக்கை எங்கிருந்து யாருக்குப் போக வேண்டும் என்ற கேள்வி மொத்தமாக எழுந்தது. உடை மாற்றும் அறை, கழிப்பறை, விளக்கு, ஈரத் துணியோடு நடந்து செல்லும் பாதை ஆகிய எல்லாவற்றிலும் பெண் பயணிகளின் பாடு உள்ளாட்சியின் பாடுதான். அருவிக்கரையைக் கூட்டிப் பெருக்குவோரிலும் பெண்கள் உண்டு. சீசனுக்கு முந்தைய ஆலோசனைக் கூட்டத்தில் ஒரு பெண் ஊராட்சித் தலைவரோ கவுன்சிலரோ இதைச் சொல்லி, சொன்னதை நிறைவேற்றியும் காட்ட வேண்டுமானால், பக்கத்து உள்ளாட்சியின் பெண் பிரதிநிதியையும் அந்தத் துறையின் அலுவலரையும் அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். கூட்டத்தில் அறிமுகமாகிக் கூட்டத்திலேயே காரியம் முடித்தவர் எவரும் இல்லை.

மாநில ஊரக வளர்ச்சி நிறுவனம் மறைமலை நகரில் இருக்கிறது. தென்காசியிலிருந்து ஏறத்தாழ 600 கிலோமீட்டர். பயிற்சிகள் தேவைதாம். ஆனால், நான் சொல்வது பயிற்சி அன்று. மாதம் ஒருமுறை, பகல் நேரத்தில், ஒன்றிய அலுவலகக் கூடத்தில் அந்த ஒன்றியத்தின் பெண் தலைவர்களும் வார்டு உறுப்பினர்களும் கூடட்டும். அழைப்பிதழ் அவர்கள் பெயருக்கு மட்டுமே போகட்டும். முன்னாள் பெண் தலைவர்களில் இருவரும், வட்டார வளர்ச்சி அலுவலரும் உடன் இருக்கட்டும். மேடை வேண்டாம், பொன்னாடை வேண்டாம், குத்துவிளக்கு வேண்டாம். யாருக்கு எந்தப் பட்டியல் தொகை நிற்கிறது, யாருடைய துணைத் தலைவர் கையெழுத்து மறுக்கிறார் என்று பேசினாலே போதும். மாநில அளவில் பெண் ஊராட்சித் தலைவர்கள் தங்கள் கூட்டமைப்பைக் கட்டிப் பார்த்த அனுபவம் தமிழ்நாட்டில் ஏற்கெனவே உண்டு. ஒன்றிய அளவில் வேர் பிடிக்காததே அதன் குறை. இந்தச் சந்திப்பை ஆளுங்கட்சியோ எதிர்க்கட்சியோ கைப்பற்ற முயலும் என்பதும் எனக்குத் தெரியும். கட்சி சார்பற்ற கிராம ஊராட்சித் தேர்தலையே அவர்கள் விட்டுவைக்கவில்லையே!

அவசரம் எங்கே இருக்கிறது என்றால், பதவிக்காலத்தில். 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலை உயர்நீதிமன்றம் ரத்து செய்தபின், தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்கள் 2019 டிசம்பர் வரை காத்திருந்தன. 2019 நவம்பர் 22-இல் பிறந்த தென்காசி, வார்டு மறுவரையறைக்காக நிறுத்தி வைக்கப்பட்ட ஒன்பது மாவட்டங்களில் ஒன்று. இங்கே 2021 அக்டோபர் வரை, முழுமையாக ஐந்து ஆண்டுகள் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி இல்லை. தனி அலுவலர்களே ஆண்டார்கள். 2011-இல் தலைவராகிக் கொஞ்சம் கொஞ்சமாக வேலை கற்றுக்கொண்ட பெண்கள், 2016-இல் வீட்டுக்குப் போனார்கள். மீண்டும் தேர்தல் வந்தபோது ஒதுக்கீடு மாறியிருந்தது, தெரிந்த அலுவலர்கள் மாறிப் போயிருந்தார்கள். அவர்களின் அனுபவத்தை எவரும் எழுதி வைக்கவில்லை.

மற்ற 27 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் மீண்டும் வந்தார்கள். தென்காசியில் 2021 அக்டோபரில் பொறுப்பேற்றவர்களுக்கு ஐந்தாண்டு நிறைவு 2026 அக்டோபர். வெங்கடாம்பட்டியில் 21 வயதில் தலைவரானவருக்கு அப்போது வயது 26.